மயில் நீலம் வேறு, ஆகாய நீலம் வேறு

உட்காருங்க தம்பி. அந்தப் பக்கம் வேண்டாம், எனக்கு எதிரே உட்காருங்க. பாரம் ரெண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் ராட்டினப் பெட்டி நேராகத் தொங்கும். கம்பியை அப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, கை மரத்துப் போகும். ஒவ்வொரு பெட்டியாக ஆள் ஏற்றி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இப்படித்தான், கொஞ்சம் ஏறும், நிற்கும், கொஞ்சம் ஏறும், நிற்கும்.

வரிசையில் அவ்வளவு கூட்டம், இந்த ஏழாம் பெட்டி மட்டும் ஒற்றை ஆளோடு சுற்றுகிறதே என்று பார்த்துத்தானே ஓடி வந்து ஏறினீங்க? கெட்டிக்காரர். கதவுக்கு நிற்கிற ஆள் டீக்குப் போன நேரம் பார்த்து ஏறிவிட்டீங்க. நானும் தடுக்கவில்லை. மூன்று மணியிலிருந்து தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மனுஷனுக்குப் பேச்சுத் துணை வேண்டுமா இல்லையா?

மேலே பாருங்க. பெட்டி எதில் தொங்குகிறது தெரிகிறதா? இந்தப் பக்கம் ஒரு பின்னு, அந்தப் பக்கம் ஒரு பின்னு. கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் நீளம். பன்னிரண்டு பெட்டிக்கு இருபத்துநாலு பின்னு. அத்தனையும் கணபதியில் இருக்கிற எங்கள் பட்டறையில் கடைந்தது. இரும்பு எடுத்துக் கொடுத்தது நான். அதனால்தான் சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சங்கிலியா? அது சும்மா. மனத் திருப்திக்குக் கட்டியிருக்கிறார்கள். சங்கிலி என்ன இரும்பு என்று என்னிடம் யாரும் காட்டவில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை.

சென்னியப்பன் என்று பெயர். பட்டறையில் ஸ்டோர்ஸ் என் கையில். இருபத்திரண்டு வருஷம். அதில் பதினோரு வருஷம் ராத்திரி ஷிப்டு. படிப்பு ஒன்பதாவதோடு சரி, மீதியெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. ராத்திரி ஷிப்டில் ஸ்டோர்ஸ்காரனுக்கு என்ன வேலை சொல்லுங்க? ஊரே தூங்கும், நமக்குத் தூக்கம் வராது. இரும்புக் கடைக்காரர் கொடுக்கிற கையேட்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எந்த இரும்பில் என்ன கலந்திருக்கிறது, எது எதற்கு ஆகும், எது எதற்கு ஆகாது. வீட்டில் பேச்சுவார்த்தை அது பாட்டுக்கு ஒரு பக்கம் தேய்ந்து போனது. அது வேறு கதை, அதை விடுங்க.

இரும்பு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீங்க. இல்லை தம்பி. அதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. என் எட்டு, என் இருபத்துநாலு, என் முப்பத்தொண்ணு. 'என்' என்றால் இங்கிலீஷ் எழுத்து. நான் சேர்ந்த புதிதில் முதலாளி வந்து, "ஏப்பா, என் இருபத்துநாலு எங்கே?" என்று கேட்டார். அவருடைய இருபத்துநாலு எதையோ யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது, பழி நம் தலையில் விழப் போகிறது என்று பயந்து, "நான் எடுக்கலீங்க, பழைய வாட்ச்மேனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த வாட்ச்மேன். அன்றைக்குப் பூராவும் அவரைப் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு சாதுவான இரும்பு. பாரம் கூடினால் வளையும், ஆனால் சொல்லிவிட்டு வளையும். இருபத்துநாலு பொறுப்பானது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும், ஆட்டினாலும், குலுக்கினாலும் தாங்கும். இந்த மாதிரி ராட்டினப் பின்னுக்கு அதுதான் ஆகும். முப்பத்தொண்ணு இருக்கிறதே, அது பேரிங் செய்கிற இரும்பு. சூடுபோட்டு எண்ணெயில் முக்கி எடுத்தால் கல்லு. தேயவே தேயாது. ஆனால் குலுக்கினால் பிடிக்காது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று ரெண்டாகப் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரி இருக்கும். ஒரே கருப்பு, ஒரே கனம். அதனால் கம்பியின் ஒரு முனையில் வர்ணம் அடித்து வைப்போம். எங்கள் பட்டறை வழக்கம், எட்டு மஞ்சள், இருபத்துநாலு நீலம், முப்பத்தொண்ணு சிவப்பு. வெட்டும்போது வர்ணம் இல்லாத முனையிலிருந்துதான் வெட்டவேண்டும். கடைசித் துண்டு வரைக்கும் வர்ணம் நிற்க வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா?

நின்றுவிட்டதா? ஆள் ஏற்றுகிறார்கள். கீழே பார்க்காதீங்க, நேராகப் பாருங்க.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று தெரியுமில்லையா? லேத்தைக் கழுவி, மிஷினுக்கெல்லாம் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை, பூசணிக்காய். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தைச் சோடிப்பார்கள். ஸ்டோர்ஸை மட்டும் எந்த வருஷமும் ஒருவனும் கண்டுகொள்வதில்லை. இந்த வருஷம் விடுவதில்லை என்று நினைத்தேன். அலமாரியில் இருந்த கம்பி அத்தனையும் வெளியே எடுத்துப் போட்டேன். தூசி தட்டி, எண்ணெய் துடைத்து, தடிமன்வாரியாகத் திருப்பி அடுக்கினேன். முனையில் இருந்த பழைய வர்ணமெல்லாம் உரிந்து, அழுக்கேறி, பார்க்கவே கேவலமாக இருந்தது. முதலாளி வீட்டுக் கேட்டுக்கு அடித்தது போக ஒரு டப்பா மீதம் கிடந்தது. மயில் நீலம். என்ன பளபளப்பு என்கிறீங்க. இருநூற்றுச் சொச்சம் கம்பிக்கும் ஒன்று விடாமல் அடித்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடித்தேன். காலையில் கதவைத் திறந்தால் சுவர் நிறைய மயில் வந்து உட்கார்ந்த மாதிரி.

முதலாளி திருமூர்த்தி, தட்டில் சூடம் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சென்னியப்பா, கோயில் மாதிரி வச்சிருக்கியேப்பா" என்றார். எல்லார் எதிரிலும் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்கு ஒருநாள்தான்.

ஏன் தம்பி நெற்றியைப் பிடித்துக்கொண்டீங்க? தலை சுற்றுகிறதா? இன்னும் சுற்றே ஆரம்பிக்கவில்லையே.

பூஜை முடிந்து நாலாம் நாள் இந்த ராட்டினத்துக்குச் சொந்தக்காரர் நத்தர்ஷா பாய் வந்தார். பொருட்காட்சி வரப்போகிறது, பழைய பின்னெல்லாம் தேய்ந்துவிட்டது, இருபத்துநாலு பின்னு வேண்டும், என் இருபத்துநாலில் வேண்டும் என்றார். நீளமும் குட்டையுமாக நான்கு கம்பி எடுத்துக் கொடுத்தேன். மாசிலாமணி என்று ஒரு டர்னர், நல்ல கை, வாய்தான் சரியில்லை. அவன் கடைந்தான். சூடுபோட்டு வந்தது. பாய் வாங்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் மாசிலாமணி இன்னொரு வேலைக்கு இருபத்துநாலு கேட்டான். கொடுத்தேன். லேத்தில் மாட்டிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, கத்துகிறான். "யோவ் சென்னியப்பா, இது இருபத்துநாலா? வெண்ணெய் மாதிரி உரியுது?" இவன் கத்தலைக் கேட்டுப் பூங்கொடி வந்தது. முதலாளிக்குத் தம்பி மகள். காலேஜில் உலோகத்துக்கென்றே தனியாகப் படித்துவிட்டு எட்டு மாசமாக ஆபீசில் உட்கார்ந்திருக்கிறது. வந்த நாளிலிருந்தே, கம்பியின் உடம்பில் நம்பரைக் குத்தி வையுங்கள், வர்ணத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. நல்ல இரும்பில் போய் யாராவது பச்சை குத்துவார்களா?

ஸ்டோர்ஸுக்குள் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தது.

"ஏனுங்ணா, எல்லாமே நீலமா இருக்குது?"

"ஆயுத பூஜைக்கு அடிச்சதும்மா. இப்பத்தான் பாக்கறியா? எப்படி இருக்குது?"

"நீலம்னா இருபத்துநாலுங்ணா."

"அது ஆகாய நீலம் கண்ணு. இது மயில் நீலம்."

அந்தப் பெண் அங்கேயே ஒரு கம்பிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. மாசிலாமணி விடுவானா? "எனக்கு நீலம்னா நீலம்தான்யா. நான் என்ன சேலை எடுக்கவா வந்தேன், மயில் நீலம், ஆகாய நீலம்னு பாத்துப் பாத்து எடுக்க?" என்றான். "மூணு பொண்ணு பெத்தவன், நீலத்துல வித்தியாசம் தெரியலைன்னா என்னப்பா பண்றது" என்றேன். நியாயமாகச் சொல்லுங்க தம்பி. நான் ஆகாய நீலத்தை அடித்திருந்தால் தப்பு என்மேல். அடிக்கவில்லையே.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துப் போச்சு. "பாய் பின்னு எந்தக் கம்பிடா?" என்றார். டா என்று என்னை அவர் கூப்பிட்டதே இல்லை.

"இருபத்துநாலுதானுங்க. கம்பி முகம் பாத்தாலே எனக்குத் தெரியும். நீங்களே கோயில் மாதிரி இருக்குதுன்னு சொன்னீங்களே."

"கோயில்ல எல்லாச் சாமிக்கும் ஒரே பேரா வச்சிருக்காங்க?"

இடுப்பில் இருந்த ஸ்டோர்ஸ் சாவியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். கழற்றினேன். பூங்கொடி கையில் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் இந்த இடுப்பில் கிடந்த சாவி. இப்போதும் நடக்கும்போது சத்தம் வரவில்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

இதோ உச்சி. இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். காற்று நல்லா இருக்கிறதில்லையா? கிரீச்சென்று சத்தம் வருகிறதே, அது பின்னு இல்லை, பின்னைச் சுற்றியிருக்கிற புஷ். கிரீஸ் பத்தவில்லை. காலை அந்த மூட்டையின்மேல் வைத்துக்கொள்ளுங்க. அது மணல்தான். அதற்கும் வருகிறேன்.

நேற்றுக் காலையில் எல்லாரும் இங்கே வந்தோம். சாயங்காலம் திறப்பு. நத்தர்ஷா பாய் தங்கமான மனிதர். கத்தவில்லை, ஒன்றுமில்லை. "நாப்பது வருஷமா ஜனங்களை ஏத்தி இறக்குறேன், ஒருத்தர் காலு சுளுக்கினதில்ல. எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார். இருபத்துநாலு பின்னையும் கழற்றி ஒரு தார்ப்பாயில் வரிசையாக வைத்தார்கள். எது எந்த இரும்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். லேபுக்கு அனுப்பினால் நாளாகும். சட்டென்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கை கிரைண்டரில் பிடித்துப் பொறியைப் பார்க்க வேண்டும். மாவு ஆட்டுகிற கிரைண்டர் இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்தால் அதுதான் நினைவுக்கு வந்த மாதிரி இருக்கிறது. இது கல் சுற்றுகிற கிரைண்டர். இருபத்துநாலு என்றால் பொறி நீளமான கோடாகப் போய் நுனியில் சின்னதாக ஒரு பூ விடும். முப்பத்தொண்ணு கல்லை விட்டுக் கிளம்பும்போதே கொத்துக்கொத்தாக வெடிக்கும், கம்பி மத்தாப்பு மாதிரி. எட்டு ரெண்டுக்கும் நடுவில்.

இந்த வித்தை பட்டறையிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் கைவந்தது. கையேட்டைப் பார்த்து நானே பழகியது. அதனால் முதலாளிக்கு என்னைக் கூப்பிடாமல் வேறு வழியில்லை. கறுப்புத் துணி ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூங்கொடி ஒரு பக்கம், மாசிலாமணி ஒரு பக்கம், நடுவில் நான். கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கண்ணாடி போட்டால் பொறியில் கூச்சம் ஜாஸ்தியாகிறது, சரியாகத் தெரிவதில்லை.

பதினெட்டுப் பின்னு இருபத்துநாலுதான் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். மூன்று பின்னு முப்பத்தொண்ணு. ரெண்டு பின்னு எட்டு. கலந்திருந்தது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாருங்க, முக்கால்வாசி சரி. வேறு யாராவது கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்குமா?

மிச்சம் ஒன்று. நான் பிடித்தேன். கோடு, நுனியில் பூ. "இருபத்துநாலு" என்றேன்.

"இல்லீங்ணா, கல்லுகிட்டயே வெடிக்குது" என்றது பூங்கொடி.

"கடையும்போதே இதோட சத்தம் வேறயா இருந்துச்சு" என்றான் மாசிலாமணி.

"காதுல இரும்பு பாக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றேன்.

"கண்ணுல பாத்த லட்சணம்தான் ஊரே நீலமாக் கிடக்குதே" என்றான். வாய் சரியில்லை என்று சொன்னேனில்லையா?

அந்தப் பின்னுதான் இது. உங்கள் தலைக்கு நேராக. ஐயோ, எழுந்திருக்காதீங்க தம்பி, பெட்டி ஆடுகிறது பாருங்க. உட்காருங்க. உட்கார்ந்து கேளுங்க.

மாற்றிவிடலாம் என்றால் கம்பி இல்லை. ஸ்டோர்ஸில் ஆகாய நீலத்தோடு ஒரே ஒரு கம்பி மிஞ்சியிருந்தது. பெஞ்சுக்கு அடியில் உருண்டு போய் என் கைக்குத் தப்பியது. அதில் ஐந்து பின்னுதான் வந்தது. தப்பான ஐந்துக்கும் அதைப் போட்டாயிற்று. இரும்புக் கடையை நேற்று மதியத்தோடு மூடிவிட்டார்கள், இனி திறப்பது நாளை, திங்கட்கிழமைதான். "ஒரு பின்னுக்கு ரெண்டு பேச்சு இருந்தா அந்தப் பெட்டில ஆள் ஏத்த மாட்டேன்" என்றார் பாய். பெட்டியைக் காலியாக விட்டால் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். "ரெண்டு மணல் மூட்டை வைங்க" என்று ஆட்களிடம் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் பேச்சுக்கு மதிப்பு மணல் மூட்டை அளவுக்குத்தானா? "மூட்டை எதுக்குங்க பாய்? நான் உட்காருறேன். என் பின்னு, நான் உட்காருறேன். நாளைக்கு வரைக்கும் சுத்துறேன். ஒண்ணும் ஆகலைன்னா பின்னு இருபத்துநாலு, சாவி என் கையில" என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை கிலோ இருப்பீங்க?"

"எண்பத்திரண்டு."

"ஒரு மூட்டை போதும்பா" என்று ஆட்களிடம் சொன்னார். அந்த மூட்டைதான் உங்கள் காலடியில் இருப்பது. எவ்வளவு மரியாதை பாருங்க. முன்பின் தெரியாத மனிதர், என் சொல்லை நம்பி ராட்டினத்தில் எனக்கென்று தனிப் பெட்டி ஒதுக்கியிருக்கிறார். முதலாளி "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். சாவியைத் தருகிறேன் என்று சொல்லவில்லைதான். தரமாட்டேன் என்றும் சொல்லவில்லையே.

பூங்கொடிதான் என் கையைப் பிடித்துக்கொண்டது. "வேண்டாங்ணா. இன்னிக்குத் தாங்கிருச்சுன்னா நல்ல பின்னுன்னு அர்த்தமில்லீங்ணா. முப்பத்தொண்ணு நூறு தடவ தாங்கிட்டு நூத்தியோராவது தடவ போயிரும். உங்களுக்குத் தெரியாததா?" தெரியும். ஆனால் இது முப்பத்தொண்ணு இல்லையே, எதற்கு அந்தப் பேச்சு? சாவி கையை விட்டுப் போய்விடும் என்ற கவலை அதற்கு, வேறென்ன? பிறகு தானே போய்ச் சங்கிலி வாங்கி வந்து, தானே ஏணியில் ஏறி நின்று கட்டியது. நேற்றும் இன்றும் மணிக்கு ஒரு தடவை போன் பண்ணி இறங்கிவிட்டேனா என்று கேட்கிறது. எப்போது தோற்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆ, ஆள் ஏற்றி முடித்துவிட்டார்கள். இனி நிற்காது, முழுச் சுற்று. எப்படி இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டீங்களா? முதல் ரெண்டு சுற்றுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்குப் பழகிவிட்டது.

அதோ, விளக்கு போட்டுவிட்டார்கள். இந்த நேரத்துக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருப்பேன். மேலே வரும்போது பாருங்க, எவ்வளவு ரசனையாகச் செய்திருக்கிறான் அந்த எலெக்ட்ரீஷியன். ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் வளையம் வளையமாக, வானவில் மாதிரி. ஒன்றுக்குள் ஒன்று. இத்தனை பல்புக்கும் எப்படித்தான் மாட்டினானோ.

என்ன?

வளையம் தம்பி. பல்பைச் சுற்றி. அந்த டெல்லி அப்பளக் கடையில் பாருங்க, பெரிய பல்பு.

அதில் இல்லையா? சரி, நுழைவு வாசலில். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இறங்க வேண்டும் என்ற அவசரத்தில் சொல்லாதீங்க, பார்த்துச் சொல்லுங்க.

வெறும் பல்பா?

இல்லை, ஒன்றுமில்லை. போன வருஷம் பட்டறைக்குக் கண் டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் என் கண்ணில் டார்ச் அடித்துவிட்டு, புரை விழுந்திருக்கிறது, விளக்கைப் பார்த்தால் வளையம் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். வளையம் எல்லாருக்கும் தெரிவதுதானே, அவர் கேட்பது வேறு ஏதோ நோய் வளையம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொறிக்கும் வளையம் இருந்தது தம்பி. நேற்று. ஒவ்வொரு பொறிக்கும். கல்லுக்குப் பக்கத்தில் ஒரே வெளிச்சமாக, பெரிய வட்டமாக இருந்தது. அதற்குள் என்ன வெடித்தது என்று. நுனியில் பூவைப் பார்த்தேன். அது நிச்சயம் பார்த்தேன்.

இறக்கம் வருகிறது. இந்த நடை முடிந்தது.

நில்லும்மா. நில்லும்மா, நீங்கதான், ரெண்டு பாப்பாவோட வர்றவங்க. இதில் ஏறாதீங்க. இடம் இருக்கிறது, இருந்தாலும் இதில் வேண்டாம். எட்டாம் பெட்டியில் போங்க கண்ணு, அது நல்ல பெட்டி. பாப்பா, கதவிலிருந்து கையை எடு சாமி. அம்மா கையைப் பிடிச்சுக்கோ.

தம்பி, நீங்க முதலில் இறங்குங்க. மெதுவாக. குதிக்காதீங்க, பெட்டியை ஆட்டாமல் ஒரு காலை ஊன்றி, அப்புறம் இன்னொரு கால். ஆங், அவ்வளவுதான்.

பாய். பாய், இங்கே வாங்க. ராட்டினத்தை நிறுத்தச் சொல்லுங்க. ஏழாம் பெட்டியைக் கழற்றிவிடலாம். எதிர்ப் பக்கம் பதின்மூணு, இல்லை, ஒண்ணாம் பெட்டி, அதையும் கழற்றிவிடுங்க, அப்போதான் சக்கரம் சமமாக நிற்கும். பெரிய ஸ்பானர் இருந்தால் கொடுக்கச் சொல்லுங்க. பின்னு நல்ல பின்னுதான் பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சும்மா, கண்ணு நல்லாத் தெரிகிறவங்க யாராவது ஒருத்தர் ஒரு தடவை பார்க்கட்டும்.